எஃகுக்குள் போகும் ஹைட்ரஜனை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஃகுத் தகட்டின் ஒரு பக்கம் நுழையும் ஹைட்ரஜன் மறுபக்கம் எவ்வளவு வெளிவருகிறது என்று பார்ப்பதுதான் ஊடுருவல் சோதனை. இதற்குப் புதிதாக வருகிறவர்கள் வழுக்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். நாங்கள் தொடங்கிய காலத்தில் வழுக்கியதும் இங்கெல்லாம்தான். ஓ-ரிங் ஒழுகுவது, மின்முனையில் குமிழி அடைப்பது எல்லாம் ஒருமுறை பட்டாலே சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

உருவானதெல்லாம் உள்ளே போனதாக எண்ணுவது

அமிலத்தில் எஃகு அரிக்கும்போது பரப்பில் ஹைட்ரஜன் அணுக்கள் உண்டாகின்றன. பெரும்பாலானவை இரண்டிரண்டாகச் சேர்ந்து வாயுவாகப் போய்விடும். சிறு பங்குதான் எஃகுக்குள் இறங்கும். கரைசலில் ஹைட்ரஜன் சல்பைடு இருந்தால் அணுக்கள் ஒன்றுசேர்வது தடைபடும், உள்ளே போகும் பங்கு கூடும். வாயுவைப் பிடித்து அளந்தால் இந்தப் பங்கு தெரியாது. அரிப்பு மின்னோட்டத்தை அப்படியே ஹைட்ரஜன் கணக்காக எழுதுவதும் தவறு. கரைசலில் ஆக்சிஜன் இருந்தால் எலெக்ட்ரான்களில் ஒரு பகுதி அதற்குப் போய்விடும்.

பின்னணி மின்னோட்டம் இறங்குமுன் அவசரப்படுவது

எனக்கு இன்றும் கோபம் வருவது இதற்குத்தான்.

1962இல் தேவநாதனும் ஸ்டாசுர்ஸ்கியும் விவரித்த இரட்டைச் செல்லைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். நடுவில் மெல்லிய தகடு. ஒரு பக்கம் ஹைட்ரஜன் நுழைகிறது, மறுபக்கம் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில், வெளிவரும் அணுவை ஆக்சிஜனேற்றம் செய்து மின்னோட்டமாகப் படிக்கிறோம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோஆம்பியர் என்றால், நொடிக்குச் சுமார் 10⁻¹¹ மோல் அணுக்கள் வெளிவருகின்றன என்று பொருள். அளப்பது அவ்வளவு சிறியது. எஃகுப் பரப்பில் ஆக்சைடு படலம் வளர்வதும் அதே கம்பியில்தான் மின்னோட்டமாக வரும். ஹைட்ரஜனுக்குச் சம்பந்தமில்லாத இதுதான் பின்னணி.

ஒரு மாணவர், நேரம் போகப்போக மின்னோட்டம் எப்படி மாறியது என்று காட்டும் அழகான வளைவு ஒன்றைக் கொண்டுவந்தார். "அமிலம் ஊற்றுவதற்கு முந்தைய பகுதியைக் காட்டுப்பா" என்றேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் கோடு இன்னும் சரிந்துகொண்டிருக்கிறது. அந்தச் சரிவை ஒரு நேர்கோடாக நீட்டிக் கழித்திருந்தார். உண்மையான சரிவு போகப்போகத் தட்டையாகும். நேர்கோடோ இறங்கிக்கொண்டே போகும். அதனால் பின்னணியைக் குறைவாகக் கழித்து, ஹைட்ரஜனை அதிகமாகக் காட்டிவிட்டார். இன்னொரு தடவை செய்யலாமே என்றால், முடியாது. எஃகுக்குள் ஹைட்ரஜன் அணுக்கள் சிக்கிக்கொள்ளும் இடங்களான பொறிகள் முதல் ஓட்டத்திலேயே நிரம்பிவிட்டன, நுழைவுப் பரப்பு அரித்துவிட்டது. அந்தத் தகடு உடைந்த குழாய் ஒன்றிலிருந்து வெட்டியது. வெட்டுவதற்கு மிச்சமும் இல்லை.

வெளியேறும் பக்கத்துக்கு பலேடியம் பூசுங்கள். பூசாவிட்டால் பின்னணி கூடும். படலமும் குறுக்கே நின்று, வரும் அணுக்கள் முழுவதும் மின்னோட்டமாகாமல் போகும். பின்னணிக்கு நான் வைத்திருக்கும் எல்லை, சதுர சென்டிமீட்டருக்கு 0.1 மைக்ரோஆம்பியருக்குக் கீழே வந்து நிலைக்கும் வரை. ராத்திரி முழுக்கக் காத்திருக்க வேண்டியிருந்தால் காத்திருங்கள்.

ஒரே தடிமனோடு நிறுத்திக்கொள்வது

ஹைட்ரஜன் நுழைந்த பிறகு மறுபக்க மின்னோட்டம் எழ ஆகும் நேரம்தான் காலத்தாமதம். தடிமனின் வர்க்கத்தை ஆறு மடங்கு காலத்தாமதத்தால் வகுத்தால் விரவல் கெழு, அதாவது ஹைட்ரஜன் எஃகுக்குள் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று சொல்லும் எண், கிடைக்கும். ஆனால் வேகத்தைத் தீர்மானிப்பது எஃகின் உட்பகுதியாக இருந்தால்தான் இது பொருந்தும். தடிமனை இரட்டிப்பாக்கிப் பாருங்கள்: நிலையான மின்னோட்டம் பாதியாகவும் தாமதம் நான்கு மடங்காகவும் வர வேண்டும். வரவில்லையென்றால், பரப்புதான் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது.

முதல் வளைவையும் இரண்டாவதையும் சராசரி எடுப்பது

எடுக்காதீர்கள். முதல் ஓட்டத்தில் பொறிகள் நிரம்பிவிடுவதால் இரண்டும் ஒரே அளவீடு அல்ல.

மாதிரியை மேசையில் வைத்துவிட்டுப் போவது

சூடாக்கி ஹைட்ரஜனை வெளியேற்றி அளப்பவர்களுக்கு இது. விரவல் கெழு நொடிக்கு 10⁻¹⁰ சதுர மீட்டர் உள்ள ஒரு மில்லிமீட்டர் தகட்டிலிருந்து, நகரக்கூடிய ஹைட்ரஜனில் பெரும்பகுதி ஒரு மணி நேரத்துக்குள் அறை வெப்பநிலையிலேயே போய்விடும். செல்லிலிருந்து எடுத்த கையோடு திரவ நைட்ரஜனில் போடுங்கள். வெளியே எடுக்கும்போது படியும் பனியோடு உலைக்குள் வைத்தால் அந்த நீரின் ஹைட்ரஜனும் கணக்கில் ஏறும். அசிட்டோனில் கழுவி, உலர்த்தியவுடன் ஏற்றிவிடுங்கள்.