உயரமான லோடு பாலத்தில் இடிக்காமல் போக, புறப்படும் முன் அளக்க வேண்டியவை

லோ-பெட் (தாழ்ந்த தளமுள்ள) டிரெய்லரில் பொக்லைன் ஏற்றும் தொழிலுக்குப் புதிதாக வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அனுமதி, காப்பீடு ஆகியவற்றை ஏஜெண்ட் பார்த்துக்கொள்வார். உயரத்தை மட்டும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

1. லோடை ஏற்றி, சங்கிலி கட்டிய பிறகே அளக்க வேண்டும். வண்டி சமதரையில் நிற்கட்டும். பொக்லைனில் உச்சி என்பது கேபின் கூரை அல்ல. பெரும்பாலும் மடக்கிய பூமின் (வாளியைத் தாங்கும் பெரிய கையின்) வளைவுதான். நேரான அலுமினியச் சட்டம் ஒன்றின் ஒரு முனையை அதன்மேல் வைத்து, மறுமுனையை வண்டிக்கு வெளியே நீட்டி, ரசமட்டம் பார்த்து, அங்கிருந்து தரைவரை டேப் விடுங்கள். லேசர் கருவி வேண்டாம். உச்சி வெயிலில் அதன் புள்ளி கண்ணுக்குத் தெரியாது.

2. வழியைப் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலை மேம்பாலங்களுக்கு அடியில் 5.5 மீட்டர் இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் தாரின்மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்திருக்கும். பலகையில் பழைய எண்ணே இருக்கும். மின்மயமான பாதையின் ரயில்வே கேட்டில் உயரத் தடுப்பு 4.67 மீட்டர். அதைத் தாண்டினால் மேலே 25,000 வோல்ட் கம்பி.

3. இதில்தான் அனுபவசாலிகளும் ஏமாறுகிறார்கள். பாலத்தின் உயரம் ஒரே எண் அல்ல. 2013 மே மாதம் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்காஜிட் ஆற்றுப் பாலத்தின் மேற்சட்டத்தில் ஒரு டிரெய்லர் லோடு இடித்தது. சட்டம் வில்போல் வளைந்திருந்ததால் நடுவில் உயரம் அதிகம், ஓரத்தில் குறைவு. லாரி ஓர லேனில் போனது. பாலத்தின் ஒரு பகுதியே ஆற்றில் விழுந்தது. வண்டிகளோடு விழுந்த மூவரும் உயிருடன் மீட்கப்பட்டார்கள். உள் லேனில் போயிருந்தால் லோடு இடித்திருக்காது.

நம் ஊர்ச் சுரங்கப்பாதைகளில் வேறொரு சிக்கல். அடியில் சாலை குழிந்திருக்கும். நீண்ட டிரெய்லரின் முன்சக்கரங்கள் எதிர் மேட்டில் ஏறும்போது பின்சக்கரங்கள் இந்தப் பக்கச் சரிவிலேயே இருக்கும்; நடுவில் உள்ள லோடு குழியில் இறங்காது. தரையிலிருந்து உத்திரம்வரை அளந்த கணக்கு அங்கே பொய்த்துவிடும். வண்டி ஓட்டம் இல்லாத நேரத்தில் மூவர் போங்கள். டிராக்டரின் (டிரெய்லரை இழுக்கும் முன்வண்டியின்) பின் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் உள்ள நீளத்துக்குக் கயிறு எடுத்து, இருவர் இரு முனையையும் சாலையில் அழுத்தி இழுத்துப் பிடித்தபடி பாலத்துக்கு அடியில் நகர்ந்துகொண்டே வாருங்கள். கயிற்றிலிருந்து உத்திரத்தின் தாழ்ந்த விளிம்புவரை, சர்வேயர் வைத்திருக்கும் நீட்டுக் கோலால் மூன்றாம் ஆள் அளக்கட்டும். கிடைக்கும் மிகச் சிறிய எண்தான் உங்கள் எண். லோடைவிட அது 20 செ.மீ.யாவது கூடுதலாக இல்லாவிட்டால் நான் வண்டியை விடமாட்டேன்.

4. முன்னே போகும் பைலட் வண்டியில் உயரம் பார்க்க நட்டிருக்கும் கம்பு, லோடைவிடச் சற்று உயரமாக, லோடு போகும் அதே லேனில் போக வேண்டும். கம்பு தட்டியதைச் சொன்னதும் டிரெய்லர் நிற்கப் போதிய இடைவெளி வேண்டும். ஸ்காஜிட்டில் பைலட் வண்டி ஓட்டியவர் அந்நேரம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்.

பின்சேர்க்கை: "கன்டெய்னரோடு போகும்போது நுழைந்த பாலம், திரும்பும்போது ஏன் இடிக்கிறது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். சரக்கை இறக்கியதும் ஸ்பிரிங் பட்டைகள் நிமிர்ந்து, காலிப் பெட்டி மேலே எழும்பிவிடும். திரும்பும் பயணத்துக்குத் தனியாக அளக்க வேண்டும். டயர் காற்றை இறக்குவது சிக்கிய வண்டியை வெளியே எடுக்க உதவும். அதையே நம்பிப் பாலத்துக்குள் நுழையாதீர்கள்.