ஜார்ஜ்டவுனில் பழைய வீட்டை இடிப்பதா, வைத்துக்கொள்வதா: முடிவெடுக்கும் முன் செய்ய வேண்டியவை

மலேசியாவின் பினாங்கில் உள்ள ஜார்ஜ்டவுனின் கடைத்தெருவிலும் கிங் ஸ்திரீட், குயின் ஸ்திரீட் சந்துகளிலும் தாத்தா காலத்து வீடு ஒன்றைப் பங்காளிகளோடு சேர்ந்து வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இன்னும் பல உண்டு. கூரை ஒழுகுகிறது, சுவரில் உப்புப் பூத்திருக்கிறது, மாடித்தளம் நடக்கும்போது அதிர்கிறது என்றதும் “இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிவிடலாம்” என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். என் கருத்து இதுதான்: ஈரமாக இருக்கும் வீட்டைப் பார்த்து அதன் ஆயுளைத் தீர்மானிக்கக் கூடாது. முதலில் ஒழுகலை நிறுத்தி, சுவரைக் காயவிட்டு, அதன் பிறகு என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஆனால் சுவரைத் தொடும் முன் தாள்களைப் பார்த்துவிடுங்கள், ஏனெனில் பல வீடுகளுக்கு விடை அங்கேயே இருக்கிறது. 2008 ஜூலை 7 அன்று மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. ஜார்ஜ்டவுனில் ஏறத்தாழ 109 ஹெக்டர் மையப் பகுதியாகவும், அதைச் சுற்றி ஏறத்தாழ 150 ஹெக்டர் இடைக்காப்புப் பகுதியாகவும் வரையறுக்கப்பட்டன. 2016இல் அரசிதழில் வெளியான சிறப்புப் பகுதித் திட்டம் இந்த எல்லைக்குள் இருக்கும் கட்டடங்களை வகைப்படுத்தியிருக்கிறது. குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் போன்ற தனிச்சிறப்புள்ளவை முதல் வகையைச் சேர்ந்தவை. வரிசையாக நிற்கும் பழைய கடைவீடுகளில் பெரும்பாலானவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. இவ்விரு வகைகளும் காப்பாற்றப்பட வேண்டிய கட்டடங்கள் என்பதால், உங்கள் வீடு இவற்றில் ஒன்றாக இருந்தால் முழுதாக இடிக்கும் பேச்சுக்கே இடமில்லை என்று வைத்துக்கொண்டு, எப்படிப் பழுதுபார்ப்பது என்ற கேள்விக்குப் போய்விடலாம். காலி மனைகளுக்கும், பாரம்பரிய மதிப்பில்லாத பிற்காலக் கட்டடங்களுக்கும் தனி வகைகள் உண்டு; புதிதாகக் கட்டுவதைப் பற்றி அங்கேதான் பேச முடியும். அங்கும் கட்டடம் 18 மீட்டருக்கு மேல் எழும்ப முடியாது, பக்கத்து வீடுகளின் அமைப்போடும் ஒத்துப்போக வேண்டும். பத்து மாடிக் கனவோடு இடிக்க நினைப்பவர்கள் இந்த ஒரு வரியைப் படித்தாலே கணக்கு மாறிவிடும்.

உங்கள் வீட்டின் வகையைப் பினாங்குத் தீவு மாநகர் கழகத்தில் எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நிறுவனத்திலும் ஆலோசனை கேட்கலாம். அனுமதியில்லாமல் இரவோடு இரவாக இடித்துவிட்டு அபராதம் கட்டிக்கொள்ளலாம் என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். 1993இல் நார்தம் ரோட்டில் இருந்த மெட்ரோபோல் ஹோட்டல் கிறிஸ்துமஸ் விடுமுறையில் அப்படித்தான் தரைமட்டமானது. இப்போது நகர், ஊரகத் திட்டமிடல் சட்டப்படி அனுமதியற்ற இடிப்புக்கும் கட்டுமானப் பணிக்கும் 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ, இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

அடுத்தது உரிமை. நில உரிமைப் பத்திரமான கிராண்டில் இன்னும் தாத்தாவின் பெயரே இருந்தால், வாரிசுரிமையை முறைப்படி மாற்றும் வரை இடிக்கவோ பெரிய பழுது பார்க்கவோ விண்ணப்பத்தில் கையெழுத்திட யாருமில்லை என்று பொருள். வக்ஃபு நிலத்திலோ இந்து அறப்பணி வாரியத்தின் நிலத்திலோ நிற்கும் வீடாக இருந்தால், நில உரிமையாளரின் சம்மதம் முதலில் வேண்டும். ஆகவே நில அலுவலகத்தில் ஒரு தேடல் எடுத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

இனி வீட்டுக்கு வருவோம். இந்த வீடுகள் இப்படி ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வாடகை மிகக் குறைவாகவே இருந்ததால், உரிமையாளர்கள் ஓடு மாற்றக்கூடப் பணம் போடவில்லை. அந்தச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, 1999 இறுதியோடு பாதுகாப்பு முடிந்ததும் குடியிருந்தவர்கள் வெளியேற, பல வீடுகள் பூட்டியே கிடந்தன. நீங்கள் பார்க்கும் சிதைவில் பெரும்பகுதி பராமரிப்பில்லாமல் போன காலத்தின் சிதைவு. செங்கல்லும் செங்கால் எனும் கடின மரமும் வலுவற்றவை என்று அதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது.

கூரையேறி, உடைந்த ஓடுகளையும் நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள தகரத் தூம்புகளையும் சரிசெய்வதே முதல் வேலை. அது முடிந்ததும் சுவரைத் தட்டிப் பாருங்கள். இந்தச் சுவர்கள் செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆனவை. தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருப்பது சுண்ணாம்பின் இயல்பு. அதன் மேல் பின்னாளில் யாரோ சிமெண்ட் பூசி, அதற்கும் மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்திருப்பார்கள். ஈரத்துக்குப் போக வழியில்லாமல் அது உள்ளேயே தங்கி, மேலே மேலே ஏறி, உப்பைக் கக்கிச் செங்கல்லைத் தின்கிறது. கிங் ஸ்திரீட்டில் எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரைத் தட்டியபோது காலிப் பானையைத் தட்டியது போல் சத்தம் வந்தது. ஓரடிச் சதுரம் சிமெண்டைப் பெயர்த்ததும் அது ஒரே தகடாகக் கழன்று விழுந்தது; உள்ளே இருந்த செங்கல்லில் கை வைத்தால் விரல் நனைந்தது, விரலோரத்தில் வெள்ளைத் தூள் ஒட்டியது. அந்தச் சதுரத்தைத் திறந்தே விட்டோம். சில வாரங்களில் செங்கல் வெளிறி உலர்ந்தது. விரலால் தேய்த்தால் மேல்தோல் மட்டும் உதிர்ந்தது, உள்ளே கல் கெட்டியாக இருந்தது. வீட்டு முன்புற நடைபாதையான அஞ்சடியில் நின்றபடியே பத்து நிமிடத்தில் “சுவர் செத்துவிட்டது, இடியுங்கள்” என்று சொல்லிப்போன கட்டட வேலைக் குத்தகையாளரை அன்று நினைத்துக்கொண்டேன். கனமான செங்கற்சுவர் மாதத்துக்கு ஏறத்தாழ ஓரங்குலம்தான் உலரும் என்பது பொதுவான கணக்கு. செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான அடைமழைக்கு முன்பே கூரையை அடைத்துவிட்டால், அந்த மழை உங்கள் வேலைக்குச் சோதனையாகவும் அமையும்.

அடுத்து மரம். மாடியைத் தாங்கும் உத்திரங்கள் நடுவில் கெடுவதைவிடச் சுவருக்குள் புகும் நுனியில்தான் அதிகம் கெடும். ஒரு திருப்புளியை எடுத்து ஒவ்வொரு நுனியிலும் அழுத்திப் பாருங்கள். கெட்டி மரத்தில் அது நிற்கும், உளுத்த மரத்தில் பிடிவரை இறங்கும். எந்த நுனி, எந்தச் சுவர், எவ்வளவு ஆழம் என்று குறித்துக்கொள்ளுங்கள். கறையானின் மண்கோடுகளையும் குறியுங்கள். நுனி மட்டும் போயிருந்தால் அதை வெட்டிப் புதுமரம் ஒட்டுப்போடலாம், இரும்புப் பட்டை கொடுத்தும் தாங்கலாம். சுவர் விரிசல்களின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்தால் ஒட்டித் தேதியை எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் கண்ணாடி உடையாமல் இருந்தால் அது பழைய விரிசல். உடைந்தால் பதிவுபெற்ற கட்டுமானப் பொறியாளரைத் தாமதமின்றி அழைக்க வேண்டும். சுவர் சாய்ந்தோ தளம் தொய்ந்தோ இருந்தால் ஆறு மாதம் காத்திருக்காதீர்கள். முட்டுக்கொடுத்துவிட்டு ஆட்களை வெளியேற்றுங்கள்.

பலர் மறந்துவிடுவது பக்கத்து வீடு. இரண்டு வீட்டு உத்திரங்களும் ஒரே பொதுச்சுவரில் உட்கார்ந்திருக்கும். உங்கள் பக்கத்தை எடுத்துவிட்டால் அந்தச் சுவர் ஒருபக்கத் துணையை இழக்கிறது, மழையும் அதன்மேல் நேராக அடிக்கிறது. இடிக்க அனுமதி கிடைக்கக்கூடிய கட்டடமாகவே இருந்தாலும், அண்டை வீட்டின் தற்போதைய நிலையைப் படங்களோடு பதிவுசெய்து, முட்டுக்கொடுக்கும் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். இடிப்புக்கு மட்டும் ஒரு விலை கேட்டு வாங்கி அதைப் பழுதுபார்க்கும் செலவோடு ஒப்பிடுவது தவறான கணக்கு.

பொறியாளரிடம் அறிக்கை கேட்கும்போது, உடனே செய்ய வேண்டியவை, ஓராண்டுக்குள் செய்ய வேண்டியவை, பிறகு செய்யலாம் என்பவை என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்தவரா என்பதையும் கேளுங்கள்; கான்கிரீட் மட்டுமே அறிந்தவருக்குப் பழைய சுவர் எப்போதும் குறையுள்ளதாகவே தெரியும். பின்பக்கத்தில் பிற்காலத்தில் ஒட்டிய தகரக் கொட்டகை, நடுமுற்றத்தை மூடிய தளம் போன்றவற்றைத் தனியாகப் பட்டியலிடுங்கள். வீட்டின் காற்றையும் வெயிலையும் அடைத்து ஈரத்தைத் தேக்குபவை பெரும்பாலும் இவைதான், இவற்றை நீக்குவதற்கு அனுமதி கேட்பது நியாயமான விண்ணப்பம்.

எங்கள் பட்டியலில் கடைசியில் நின்றவை மூன்று உத்திர நுனிகள், சமையலறைச் சுவரில் கீழிருந்து நான்கு வரிசைச் செங்கல், முற்றத்தை மூடிய ஒரு தளம். அந்தத் தாளை மேசையில் வைத்த பிறகு, இடிக்க வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்த சித்தப்பாவே பேனாவை வாங்கித் தளத்தின் பெயரை மட்டும் வட்டமிட்டார்.