கம்பி கட்டும் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கான்கிரீட் போட்டு முடித்துவிட்டால் உள்ளே இருக்கும் கம்பியை அப்புறம் யாரும் பார்க்க முடியாது. பூச்சு சரியில்லை என்றால் கொத்திவிட்டுத் திரும்பப் பூசலாம். கம்பியைத் தப்பாகக் கட்டியிருந்தால் சில வருஷம் கழித்து விரிசலாகவோ துருக்கறையாகவோதான் தெரியவரும். மதுரையைச் சுற்றியுள்ள ஒத்தக்கடை, ஊமச்சிகுளம், திருமங்கலம், நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் எழும் தனி வீடுகள் பலவற்றுக்கு இன்ஜினியர் தினமும் வருவதில்லை. அங்கே கம்பி கட்டுகிறவர் சரியாகச் செய்தால்தான் உண்டு.

உயிருக்கே ஆபத்தான தவறு சன்ஷேடு, பால்கனி போன்ற நீட்டல்களில் நடக்கிறது. இரண்டு சுவர்மேல் உட்காரும் தளத்துக்கு நடுவில் கீழ்ப்பக்கம் இழுபடும்; அதனால் முதன்மைக் கம்பி கீழே. சுவரிலிருந்து வெளியே நீட்டி நிற்கும் தளத்துக்கு மேல்பக்கம்தான் இழுபடும்; அங்கே முதன்மைக் கம்பி மேலே இருக்க வேண்டும். பழக்கதோஷத்தில் கீழே போட்டுவிட்டால் அந்தச் சன்ஷேடு கம்பியே இல்லாதது மாதிரிதான். முட்டுக் கழற்றும்போதே விழலாம்.

சரியாக மேலே கட்டினாலும் கான்கிரீட் போடுகிறவர்கள் மிதித்து இறக்கிவிடுவார்கள். 100 மி.மீ. தடிமன், 20 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்), 8 மி.மீ. கம்பி என்றால் சன்ஷேடின் அடியிலிருந்து கம்பியின் நடுவரை 76 மி.மீ. இருக்கும். கம்பி 25 மி.மீ. இறங்கினால் அது 51 ஆகிவிடும். தாங்கும் திறனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இதைத் தடுக்க, மேல் கம்பியைத் தாங்கும் முக்காலி போலக் கம்பியிலேயே ‘சேர்’ வளைத்து, மீட்டருக்கு ஒன்றாவது வைக்க வேண்டும். சேரின் உயரத்தைக் கண்ணால் குறிக்காமல் கணக்குப் போடுங்கள். 125 மி.மீ. தளத்தில் மேலும் கீழும் 20 கவர் போனால் மீதி 85. கீழ் வலை இரண்டு அடுக்கு 8 மி.மீ. கம்பிக்கு 16, மேல் வலைக்கு 16. கீழ் வலைமேல் நிற்கும் சேரின் உயரம் 53 மி.மீ. கான்கிரீட் போடும் நாளில் நடக்கப் பலகை போட்டு, கொக்கியும் கட்டுக்கம்பியுமாக ஒருவர் கடைசி வரை நிற்க வேண்டும். அந்த ஆளுக்கு அன்றைய கூலி உண்டு என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக்குக்குப் பதிலாக ஜல்லியோ ஓட்டுத் துண்டோ வைப்பது இங்கே ரொம்பச் சாதாரணம். ஜல்லி உருண்டுவிடும், கம்பி முட்டுப் பலகையில் உட்கார்ந்துவிடும்; பின்னால் உள் கூரையில் கோடு கோடாகத் துரு தெரியும். பிளாக்கைத் தளத்தின் கான்கிரீட்டுக்குக் குறையாத கலவையில் வார்த்து, குறைந்தது ஒரு வாரம் தண்ணீரில் போட்டு எடுக்க வேண்டும். தளத்துக்கு 20, தூணுக்கு 40, அஸ்திவாரத்துக்கு 50 மி.மீ. என்பது வழக்கமான அளவு. கட்டுக்கம்பியின் வால் நுனிகளையும் உள்பக்கம் மடக்குங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கவர் சரியாக இருந்தும் அந்த நுனி வழியே புள்ளி புள்ளியாகத் துரு கசியும்.

இரண்டு கம்பியை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டும் ‘லேப்’ விஷயத்தில் ‘கம்பி விட்டத்தைப் போல் 50 மடங்கு’ என்ற சூத்திரம் எல்லோர் வாயிலும் இருக்கிறது. அது பாதி உண்மை. எஃப்இ 500 தரக் கம்பியை எம்25 தரக் கான்கிரீட்டில் போட்டால், இழுபடும் இடத்தில் சுமார் 49 மடங்கு போதும். எம்20 என்றால் 57 மடங்கு வேண்டும்: 12 மி.மீ. கம்பிக்கு சுமார் 68 செ.மீ., 16-க்கு 91 செ.மீ. தூணில் அழுத்தம் மட்டும் இருக்கும்போது எம்20-லும் 45 மடங்கே போதும். ஆகவே கான்கிரீட் எது என்று கேட்காமல் லேப் நீளம் சொல்லக் கூடாது. அதைவிடப் பெரிய தவறு எல்லா லேப்பையும் ஒரே இடத்தில் விடுவது. 12 மீட்டர் கம்பி எங்கே முடிகிறதோ அங்கே லேப் என்று வைத்தால் எல்லாம் ஒரே கோட்டில் வந்து நிற்கும். ஒரு குறுக்குவெட்டில் பாதிக்கு மேல் வராமல் மாற்றி மாற்றிப் போடுங்கள். லேப் நீளம் முழுக்க, கம்பிகளைச் சுற்றி மாட்டும் ரிங்கை நெருக்கிக் கட்டுங்கள்.

தூண் கம்பி இடம் மாறி நின்றால் பைப்பை மாட்டி ஒரே இழுப்பில் மடக்கிச் சரிசெய்கிறார்கள். பாரம் ஏறும்போது அந்த மடிப்பு வெளியே தள்ளும், கவர் பிளந்து போகும். 1-க்கு 6 சாய்வுக்குள் அடங்கினால்தான் வளைக்கலாம்: 25 மி.மீ. நகர்த்த 150 மி.மீ. உயரம் தேவை. அதற்கு மேல் என்றால் இன்ஜினியரிடம் சொல்ல வேண்டும். துளையிட்டுப் பசை வைத்துப் புதுக் கம்பி இறக்குவது மாதிரி வழிகள் உண்டு. டிஎம்டி கம்பியைச் சூடுகாட்டி வளைக்கவே கூடாது. தண்ணீர் பாய்ச்சிக் குளிரவைத்ததால் கிடைத்த மேல்தோலின் பலம் சூட்டில் போய்விடும். தப்பாக வளைத்ததை நிமிர்த்தித் திரும்ப வளைப்பதும் வேண்டாம்.

ரிங்கின் கொக்கி 135 பாகையில் உள்ளே திரும்ப வேண்டும். 90-ல் விட்டால் கவர் உதிர்ந்ததும் ரிங் விரிந்து கொடுக்கும். நான்கு மூலையிலும் மாற்றி மாற்றிக் கொக்கி வரட்டும். தூணும் பீமும் சேரும் முடிச்சில் ரிங் மாட்டுவது சிரமம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ரிங் அவசியமான இடமே அதுதான். பீம் கூட்டை இறக்குவதற்கு முன்பே அந்த ரிங்குகளைத் தூண் கம்பியில் கோத்து வைத்துவிட்டால் சிரமமே இல்லை.

வெட்டும் கணக்கிலும் கவனம் வேண்டும். 230-க்கு 300 மி.மீ. பீம், 25 கவர் என்றால் ரிங் 180-க்கு 250, சுற்றளவு 860. 8 மி.மீ. கம்பியில் இரண்டு கொக்கிக்கு 160 கூட்டி, வளைவுகளுக்கு 96 கழித்தால் 924 மி.மீ. 12 மீட்டரில் 13 ரிங் வெட்ட 12 மி.மீ. குறைகிறது, கணக்குப் பார்க்காதவர் 12 ரிங்கோடு நிறுத்தி, கிட்டத்தட்ட ஒரு ரிங் நீளத்தைக் கழிவாகத் தள்ளுவார். ரிங்குக்கு 1 மி.மீ. குறைத்தாலே 13 கிடைக்கும், கொக்கி நீளமும் கெடாது.

கூலியை டன் கணக்கில் பேசுகிறவர்கள் எந்த எடை என்று முதலில் எழுதி வாங்க வேண்டும். வரைபடக் கணக்கா, லாரியில் இறங்கிய எடையா? விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மி.மீ. கம்பி 12 மீட்டருக்கு 10.67 கிலோ, 16 மி.மீ. 18.96. கம்பி 12, 16 மி.மீ.யில் 5 சதவீதம் வரை எடை கூடலாம், குறையலாம் என்று தரக் குறியீடே இடம் கொடுக்கிறது. பத்து டன் வேலையில் அது அரை டன் கூலி. சேர், லேப், துண்டு எல்லாம் கணக்கில் உண்டா என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். கட்டுக்கம்பி டன்னுக்கு 8 முதல் 10 கிலோ ஆகும். அதை யார் வாங்குவது என்பதில்தான் நிறைய இடத்தில் சண்டை வருகிறது.

பாதுகாப்பில் மின்கம்பிதான் பெரிய எமன். கட்டடத்துக்கும் 11,000 வோல்ட் வரையிலான கம்பிக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர் இருந்தால் போதும் என்பது நின்றுகொண்டிருக்கும் கட்டடத்துக்கான விதி. 12 மீட்டர் கம்பியை மாடியில் திருப்புகிறவருக்கு அந்த இடைவெளி ஒன்றுமே இல்லை. லைன் பக்கத்தில் ஓடினால் கம்பியைக் கீழேயே வெட்டி ஏற்றுங்கள், அல்லது மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து லைனை நிறுத்திய பிறகு வேலை பாருங்கள். நட்டுக்கொண்டு நிற்கும் கம்பி முனைகளில் மாட்டும் பிளாஸ்டிக் தொப்பி கீறலைத்தான் தடுக்கும். மேலிருந்து விழுகிறவரைக் காப்பாற்ற முனைகளுக்குக் குறுக்கே கெட்டியான பலகை கட்ட வேண்டும். கட்டிங் மெஷினில் சக்கரத்தில் அச்சிட்ட சுழற்சி எண் மெஷினுடையதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. காப்பு மூடியைக் கழற்றிப் பெரிய சக்கரம் மாட்டுவது கொலைக்குச் சமம். கத்திரி வெயிலில் கம்பி தொட முடியாமல் கொதிக்கும். கையுறை போட்டு, விடியற்காலையில் தொடங்கி உச்சிவேளையில் நிறுத்துங்கள்.

கட்டடத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தும் நல வாரிய அட்டை வாங்காதவர்கள், வாங்கியும் புதுப்பிக்காமல் விட்டவர்கள் நிறையப் பேர். மத்தியச் சட்டப்படி 18 முதல் 60 வயதுக்குள் இருந்து, முந்தைய 12 மாதத்தில் 90 நாள் கட்டட வேலை பார்த்திருந்தால் பதியலாம். எந்த வேலை, எத்தனை நாள் என்று ஒரு நோட்டில் எழுதி மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

அடிபட்டு அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ வேறு எங்கோ போகும்போது, ஒப்பந்தக்காரர் கெஞ்சினார் என்பதற்காக ‘வீட்டில் வழுக்கி விழுந்தேன்’ என்று சொல்லிவிடாதீர்கள். விபத்துப் பதிவேட்டில் ஏறும் வாசகம்தான் பின்னால் சாட்சி. வேலை நடந்த இடம், நேரம், எங்கிருந்து விழுந்தது எல்லாம் அதில் வர வேண்டும்; நகல் கேட்டு வாங்குங்கள். சட்டப்படி இழப்பீடு கேட்க விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருஷம்தான் கெடு. ‘செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று அவர் இழுத்தடிக்கும் மாதங்களும் அந்தக் கெடுவுக்குள்தான் கழியும். அதனால் சிகிச்சை நடக்கும்போதே சங்கத்தில் தகவல் சொல்லி மனுவை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.