லேக் டைம் கணக்கில் எங்கெங்கே சறுக்குகிறோம்

மழை கொட்டி எவ்வளவு நேரம் கழித்து ஓடையில் வெள்ளம் உச்சத்தைத் தொடும்? இந்த லேக் டைமைக் கணக்கிடும்போது பலர் முதலில் சறுக்குவது, எதிலிருந்து அளக்கிறோம் என்பதில்தான். அமெரிக்க மண் பாதுகாப்புச் சேவை வகுத்த எஸ்சிஎஸ் முறையில் மழை தொடங்கிய நிமிடத்திலிருந்து அளக்கக்கூடாது. மண் குடித்தது போக ஓடி வருகிற மழை இருக்கிறதே, அதன் மையத்திலிருந்து வெள்ள உச்சம் வரை அளக்க வேண்டும்.

அதைவிட ஆபத்தானது, டைம் ஆஃப் கான்சன்ட்ரேஷனையே லேக் டைமாகப் போட்டுவிடுவது. அது, நீர் வந்துசேர அதிக நேரமாகும் மூலையிலிருந்து வடிமுனைக்கு வருவதற்கான நேரம். லேக் அதில் சுமார் 0.6 பங்குதான். மாற்றிப் போட்டால் உச்ச வெள்ளம் குறைவாகத் தெரியும், அதை நம்பிக் கட்டும் சிறுபாலத்தின் கண்ணும் சிறுத்துப்போகும்.

அப்புறம் அலகுகள். 3 கிலோமீட்டர் ஓடை, 2 சதவீதச் சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். டைம் ஆஃப் கான்சன்ட்ரேஷனைத் தரும் கிர்பிச் சூத்திரத்தில் சரிவை 0.02 என்று போட்டால் 42 நிமிடம் வரும், 0.6-ஆல் பெருக்கினால் லேக் 25 நிமிடம். அங்கே 2 என்று போட்டால் 42 என்பது 7 ஆகிவிடும்! எஸ்சிஎஸ் லேக் சூத்திரம் நேர்மாறு: சரிவைச் சதவீதமாகவே கேட்கும், 0.02 என்று போட்டால் விடை 10 மடங்காகும். நீளம் அடியில், விடை மணியில். ஆனால் வெள்ளத்தைக் கணிக்கும் ஹெச்இசி-ஹெச்எம்எஸ் மென்பொருள் லேக்கை நிமிடத்தில்தான் கேட்கிறது.

சரி, அதே ஓடைக்குக் கர்வ் நம்பர் (மண்ணையும் நிலப்பயன்பாட்டையும் வைத்து, மழையில் எவ்வளவு ஓடி வரும் என்று காட்டும் எண்) 75, நிலத்தின் சரிவும் 2 சதவீதம் என்று எஸ்சிஎஸ் சூத்திரத்தில் போட்டால் 1.6 மணி, அதாவது சுமார் 98 நிமிடம். ஒன்று 25, இன்னொன்று 98. இங்கேதான் நின்று யோசிக்க வேண்டும். கிர்பிச் 1940-ல் தந்த சூத்திரம் அமெரிக்காவின் டென்னசியில் 1 முதல் 112 ஏக்கர் வரையிலான சிறிய விவசாய நிலப்பரப்புகளின் அளவீடுகளிலிருந்து வந்தது, அங்கே சரிவு 3 முதல் 10 சதவீதம். நம் ஓடை அந்த எல்லைக்குள் இல்லை. சரிவும் ஒன்றல்ல: கிர்பிச் கேட்பது நீர் ஓடும் பாதையின் சரிவு, எஸ்சிஎஸ் கேட்பது நீர்ப்பிடிப்பு நிலம் முழுவதன் சராசரிச் சரிவு. இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போடுவது (மேலே நான் எளிமைக்காகப் போட்டது போல) நிஜ வேலையில் தவறு.

பழைய நிலப்பயன்பாட்டு வரைபடத்தையும் நம்பாதீர்கள். வயலெல்லாம் கட்டடமாகிக் கர்வ் நம்பர் 75-லிருந்து 90 ஆகியிருந்தால், அதே 1.6 மணி ஒரு மணிக்குச் சுருங்கிவிடும்.

ஓடையில் நீரளவு நிலையமும் அருகில் மழைமானியும் இருந்தால் நாலைந்து மழைகளின் பதிவை எடுத்து லேக்கை நேரடியாக அளந்துவிடுங்கள், சூத்திரத்தை அதோடு ஒத்துப்பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.