இணைகோடும் செங்குத்துக்கோடும்: கெழுக்களை வைத்தே சமன்பாடு எழுதுவது எப்படி

ஒரு கோட்டின் சமன்பாட்டையும் ஒரு புள்ளியையும் கொடுத்து, அந்தப் புள்ளி வழியே செல்லும் இணைகோட்டையோ செங்குத்துக்கோட்டையோ கேட்பார்கள். பத்தாம் வகுப்பில் ஆயத்தொலை வடிவியல் படிக்கிற யாரும் இந்தக் கணக்கைத் தாண்டித்தான் போக வேண்டும். பிள்ளைகள் பலர் செய்வது இது: கோட்டை y = mx + c என்று மாற்றுவார்கள், சாய்வு எடுப்பார்கள், புள்ளி-சாய்வு வடிவில் பிரதியிடுவார்கள், கடைசியில் மறுபடி ax + by + c = 0 வடிவுக்கு வருவார்கள். வழி சரிதான். ஆனால் இரண்டு முறை வடிவம் மாற்றும்போது குறி தவறும், பின்னம் பிசகும். கோடு ஏற்கெனவே பொது வடிவில் இருந்தால் அதைக் கலைக்காமல் வேலை செய்வதே நல்லது.

சேலம் மாவட்டத்தில் நிலம் உள்ள வீடுகளில் எஃப்.எம்.பி. என்று சொல்லும் புலப்பட நகல் இருக்கும். அதில் ஜி-லைன் என்று ஓர் அடிப்படைக் கோடு உண்டு. மூலைக்கற்கள் அந்தக் கோட்டிலிருந்து செங்குத்தாக எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதை ஆஃப்செட் என்று குறித்திருப்பார்கள். ஓமலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தின் படத்தை வரைபடத்தாளில் வைத்ததாகக் கொள்வோம். 1 அலகு 10 மீட்டர். ஜி-லைன் 3x − 4y + 12 = 0. ஒரு மூலைக்கல் (7, 2) என்ற புள்ளியில் இருக்கிறது. அந்தக் கல் வழியாக ஜி-லைனுக்கு இணையாக ஒரு வேலி போட வேண்டும். ஜி-லைனிலிருந்து கல்லுக்கு ஆஃப்செட் தூரமும் வேண்டும்.

முதலில் வேலி. x, y இரண்டின் கெழுக்களையும் தொடாதீர்கள். மாறிலி 12-ஐ மட்டும் எடுத்துவிட்டு k போடுங்கள்:

3x − 4y + k = 0

இதில் (7, 2)-ஐப் பிரதியிட்டால் 21 − 8 + k = 0, ஆக k = −13. வேலியின் சமன்பாடு 3x − 4y − 13 = 0. அவ்வளவுதான்.

ஏன் இது போதும் என்றால், தறியில் பாவு நூல் எத்தனை இழை ஓடினாலும் எல்லாம் ஒரே திசையில்தான் ஓடும். இழைக்கு இழை மாறுவது இடம் மட்டுமே. a, b இரண்டும் கோட்டின் திசையைச் சொல்கின்றன, மாறிலி அது எந்த இழை என்பதைச் சொல்கிறது. அதனால் இணைகோடு கேட்டால் தேட வேண்டியது k ஒன்றைத்தான். 12-ஐ மாற்றாமல் அப்படியே எழுதி வைத்தால் பழைய கோடே திரும்ப வரும். அது கல் வழியே போகாது.

அடுத்தது செங்குத்துக்கோடு. இங்கே இரண்டு காரியம்: கெழுக்களை இடம் மாற்றுங்கள், நடுவில் உள்ள குறியை மாற்றுங்கள். 3x − 4y என்பது 4x + 3y ஆகும்.

4x + 3y + k = 0

(7, 2)-ஐப் பிரதியிட்டால் 28 + 6 + k = 0, k = −34. சமன்பாடு 4x + 3y − 34 = 0.

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். கெழுக்களை இடம் மாற்றிவிட்டு நடுக்குறியை மறந்து 4x − 3y என்று எழுதிவிடுகிறார்கள். அதன் சாய்வு 4/3. ஜி-லைனின் சாய்வு 3/4. செங்குத்தான இரு கோடுகளின் சாய்வுகளைப் பெருக்கினால் −1 வர வேண்டும்; இங்கே +1 வருகிறது. பார்வைக்குச் சரியாகத் தெரிவதால் இந்தப் பிழை எளிதில் கண்ணில் படாது; சாய்வுகளைப் பெருக்கிப் பார்த்தால்தான் பிடிபடும். bx − ay + k = 0 என்ற சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. இந்தக் கணக்கில் b என்பது 4 அல்ல, −4. குறியோடு சேர்த்துப் போட்டால் −4x − 3y + k = 0 என்று வரும். முழுவதையும் −1 ஆல் பெருக்கினால் அதே 4x + 3y கிடைக்கும்.

குறி ஏன் மாறுகிறது என்பதை வரைபடத்தாளிலேயே பார்க்கலாம். ஜி-லைன் மேல் 4 கட்டம் வலப்பக்கம் போனால் 3 கட்டம் மேலே ஏறுகிறோம், சாய்வு 3/4. அந்த நகர்வை இடஞ்சுழியாக 90° திருப்புங்கள். வலப்பக்கம் போன 4 இப்போது மேலே போகிறது. மேலே போன 3 இடப்பக்கம் போகிறது. ஏற்றம் 4, ஓட்டம் −3, சாய்வு −4/3. தலைகீழாவதும் குறி மாறுவதும் ஒரே திருப்பத்தில் நடக்கின்றன. இதை ஒரு தடவை கையால் வரைந்து பார்த்தவருக்கு விதி மறக்காது.

ஆஃப்செட் தூரத்துக்கு இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளி வேண்டும். 3x − 4y = −12 என்பதை 3 ஆலும், 4x + 3y = 34 என்பதை 4 ஆலும் பெருக்கிக் கூட்டினால் 25x = 100. x = 4, y = 6. (4, 6)-க்கும் (7, 2)-க்கும் இடைத்தொலைவு √(9 + 16) = 5 அலகு, அதாவது 50 மீட்டர். ஜி-லைனுக்கும் வேலிக்கும் இடையே உள்ள தூரமும் இதேதான் வர வேண்டும்: மாறிலிகளின் வித்தியாசம் 12 − (−13) = 25; அதை √(3² + 4²) = 5 ஆல் வகுத்தால் 5. இரண்டு வழியிலும் ஒரே விடை வந்ததால் கணக்கு சரி. இப்படி மாறிலிகளைக் கழிப்பதற்கு இரு சமன்பாடுகளிலும் x, y கெழுக்கள் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 3x − 4y, மற்றது 6x − 8y என்று இருந்தால் முதலில் 2 ஆல் வகுத்துச் சமப்படுத்திக்கொள்ளுங்கள்.

கெழு முறைக்கு இன்னொரு நன்மை உண்டு. x = 4 போன்ற நிலைக்குத்துக் கோட்டுக்குச் சாய்வு வரையறுக்கப்படவில்லை; m₁ × m₂ = −1 அங்கே உதவாது. கெழு முறை அங்கேயும் நிற்கும். x + 0y − 4 = 0 என்று எழுதி, (2, −3) வழியாகச் செங்குத்துக்கோடு கேட்டால் 0x − y + k = 0; பிரதியிட்டால் 3 + k = 0, k = −3; கோடு y = −3. இணைகோடு x = 2.

கோட்டின் சமன்பாடு இல்லாமல் இரண்டு புள்ளிகள் மட்டும் கொடுத்திருந்தால் சாய்வு வழியே போவதுதான் சுருக்கம். A(−1, 5), B(3, −3) என்ற புள்ளிகளை இணைக்கும் கோட்டுத்துண்டின் மையக்குத்துக்கோட்டை, அதாவது நடுப்புள்ளி வழியே செங்குத்தாகச் செல்லும் கோட்டை, காண வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சாய்வு (−3 − 5)/(3 + 1) = −2. செங்குத்தின் சாய்வு 1/2. நடுப்புள்ளி (1, 1). ஆகவே y − 1 = ½(x − 1). 2 ஆல் பெருக்கி ஒழுங்குபடுத்தினால் x − 2y + 1 = 0. சரிபார்க்க, இந்தக் கோட்டில் (3, 2) என்ற புள்ளியை எடுங்கள். A-க்கும் B-க்கும் அதன் தூரம் 5, 5. முக்கோணத்தின் குத்துக்கோடு (ஓர் உச்சியிலிருந்து எதிர்ப்பக்கத்துக்குச் செங்குத்தாக வரையும் கோடு) கேட்டால் நடுப்புள்ளி வேண்டாம், எதிர் உச்சிதான் வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு 5 மதிப்பெண் வினாவை முழுதாக இழப்பவர்கள் உண்டு. சாய்வு எடுப்பதற்கு முன்பே, கோடு எந்தப் புள்ளி வழியே போகிறது என்பதை விடைத்தாளில் எழுதிவிடுங்கள்.

கெழுவில் ஒன்று தெரியாமல் இருக்கும் வினாவும் வரும். kx − 6y + 5 = 0, 2x + 3y − 7 = 0 இரண்டும் செங்குத்து என்றால் x-கெழுக்களின் பெருக்கலையும் y-கெழுக்களின் பெருக்கலையும் கூட்டினால் பூச்சியம்: 2k − 18 = 0, k = 9. இணை என்றால் கெழுக்களின் விகிதம் சமம்: k/2 = −6/3, k = −4. இங்கே மாறிலியையும் ஒரு பார்வை பாருங்கள். 5 இருக்கிற இடத்தில் 14 இருந்திருந்தால் −4x − 6y + 14 = 0 என்பது இரண்டாம் கோட்டின் −2 மடங்காகி, இரண்டும் ஒரே கோடாகிவிடும்.

வரைந்து சரிபார்ப்பவர்கள் இரண்டு அச்சுகளுக்கும் ஒரே அளவுத்திட்டம் எடுக்க வேண்டும். x அச்சில் 1 செ.மீ. = 1 அலகு, y அச்சில் 1 செ.மீ. = 2 அலகு என்று வைத்தால், மேலே உள்ள ஜி-லைனும் அதன் செங்குத்தும் தாளில் 3/8, −2/3 சாய்வோடு தெரியும்; மூலைமட்டம் வைத்தால் பொருந்தாது. கணக்கு தப்போ என்று சரியான விடையை அடித்துவிடாதீர்கள். அளவுத்திட்டம் மாறினாலும் இணைகோடுகள் இணையாகவே தெரியும். செங்கோணம் மட்டும்தான் கெடும்.