கண்ணாடி பாட்டிலில் பிடித்த தண்ணீர்: சிறிய கல்லூரி ஆய்வுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆறு வருடங்களுக்கு முன் ஒரு பிப்ரவரி மாதம். இறுதியாண்டு வேதியியல் மாணவிகள் நான்கு பேர் எட்டு ஊர்களுக்குப் பஸ்ஸில் போய், 32 பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து லேப் மேஜையில் வரிசையாக வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் ஊர், தேதி, நேரம் எழுதி ஒட்டியிருந்தது. தர்மபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில், அளவு மிஞ்சினால் பல்லையும் எலும்பையும் பாதிக்கும் ப்ளூரைடு எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுதான் ப்ராஜெக்ட். அத்தனை ஒழுங்காகச் செய்திருந்தார்கள். ஆனால் பாட்டில்கள் எல்லாமே கண்ணாடி.

ப்ளூரைடு கண்ணாடியோடு வினைபுரியும். அதனால் ப்ளூரைடு பார்ப்பதற்கான தண்ணீரைப் பாலித்தீன் பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். செய்முறைக் கையேடுகளில் தெளிவாக எழுதியிருக்கும் விஷயம் இது. கிளம்பும் முன் அதைச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான், அவர்களுடைய கைடு. சொல்லவில்லை.

மறுநாள் கணிதத் துறை நண்பர் வந்தார். பட்டியலைப் பார்த்துவிட்டு, “இந்த முப்பத்திரண்டில் தனித்தனி போர் கிணறு எத்தனை சார்?” என்று கேட்டார். எண்ணினோம். பதினொன்று. மீதியெல்லாம் அதே போர்களின் டேங்குகளிலிருந்து வெவ்வேறு தெருக் குழாய்க்குப் போகும் தண்ணீர். ஒரே டேங்கின் தண்ணீரை ஐந்து குழாயில் பிடித்தால் ஐந்து மாதிரி ஆகிவிடாது. ஒரே மாதிரியை ஐந்து முறை அளந்ததாகத்தான் கணக்கு. அப்புறம் தமிழ்த் துறை அம்மா ஒருவர் எங்கள் கேள்வித்தாளை வாங்கிப் படித்தார். “தாங்கள் பருகும் நீரில் ப்ளூரைடின் அளவு மிகுதியாக உள்ளதை அறிவீர்களா?” என்று முதல் கேள்வியே அப்படித்தான் இருந்தது. “இதை என் மாமியாரிடம் கேட்டால், தெரியாதும்மா என்று கதவைச் சாத்திவிடுவார்” என்றார்.

கருவி இல்லை, நிதி இல்லை என்று சிறிய கல்லூரிக்காரர்கள் நாங்கள் எப்போதும் சொல்கிறோம். உண்மைதான். ஆனால் இந்த மூன்று தவறுக்கும் பணம் காரணமில்லை. வாரம் ஒருநாள், ஒரே காரிடாரில் இருக்கும் மூன்று ஸ்டாஃப் ரூம்காரர்கள் சேர்ந்து டீ குடித்திருந்தால், அந்தப் பெண்கள் வெயிலில் எட்டு ஊரை இரண்டாவது முறை சுற்றியிருக்க வேண்டாம்.

பக்கத்துத் துறையைக் கடைசியில் கூப்பிடுவது

மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கிறது. எல்லாத் தரவையும் சேகரித்து முடித்த பிறகு ஒரு எக்செல் கோப்போடு புள்ளியியல் தெரிந்தவரைத் தேடிப் போவோம். “சார், இதுக்கு ஒரு அனோவா போட்டுக் கொடுங்க.” (குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் புள்ளியியல் சோதனை அது.) சோதனை முடிந்த பிறகு புள்ளியியலாளரிடம் வருவது பிரேதப் பரிசோதனைக்கு வருவது மாதிரி, எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவர் சொல்வார் என்று புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் பேசியிருக்கிறார். பேசியது இந்தியாவில்தான், 1938-ல் நடந்த முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டில்.

கடைசி நேரத்தில் போனால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வயது, படிப்பு, வருமானம், பல் கறை, மூட்டு வலி என்று கையில் இருக்கும் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் பொருத்திப் பார்க்கத் தோன்றும். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இருபது விஷயங்களை 5 விழுக்காடு அளவுகோலில் (தற்செயலாக வரும் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் ‘முக்கியம்’ என்பது) தனித்தனியாகச் சோதித்தால், குறைந்தது ஒன்றாவது தற்செயலாக ‘முக்கியமான தொடர்பு’ என்று வருவதற்கு 64 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. அந்த ஒன்றை மட்டும் எடுத்து எழுதிவிட்டால், ஆய்வின் முடிவு தற்செயலின் முடிவாகிவிடும். எதைச் சோதிக்கப் போகிறோம் என்பதை ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, துறை பீரோவில் வைத்துவிடுங்கள். செலவு ஒரு தாள்தான்.

பல துறைக்காரர்கள் சேர்ந்து செய்வது ஏதோ புதிதாக வந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். தண்ணீரில் இருக்கும் ப்ளூரைடு எலும்பைப் பாதிக்கிறது என்று இந்தியாவில் முதலில் விரிவாகப் பதிவானது 1937-ல், அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்தில். அந்தக் கட்டுரையில் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி என்று மூன்று பெயர்கள் இருக்கின்றன. மருத்துவமும் தண்ணீர்ப் பகுப்பாய்வும் சேர்ந்த வேலை அது. மருத்துவர் எலும்பை மட்டும் பார்த்திருந்தாலும், வேதியியலாளர் தண்ணீரை மட்டும் பார்த்திருந்தாலும் விஷயம் பிடிபட்டிருக்காது.

எங்கள் கேள்வித்தாளைத் தமிழ்த் துறை அம்மா திருத்தியதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ப்ளூரைடு என்ற சொல்லையே அவர் எடுத்துவிட்டார். “குடிக்க எந்தத் தண்ணி? சோறாக்க எந்தத் தண்ணி? மாட்டுக்கு எந்தத் தண்ணி?” என்று மூன்று கேள்விகள். அதற்கு வந்த பதில்கள் எங்கள் ஆய்வையே திருப்பிவிட்டன. பல வீடுகளில் குடிக்க ஒகேனக்கல் தண்ணீரோ கேன் தண்ணீரோதான். ஆனால் சமையலுக்குப் போர் தண்ணீர். ‘குடிநீர் ஆதாரம்’ என்ற ஒற்றைக் கட்டத்தை மட்டும் வைத்திருந்தால், இவர்கள் எல்லாரும் பாதுகாப்பானவர்கள் பட்டியலில் சேர்ந்திருப்பார்கள். கொதிக்க வைத்தால் ப்ளூரைடு போகாது. தண்ணீர் ஆவியாகச் சுண்டும்போது அதன் செறிவு கூடத்தான் செய்யும். சாம்பாரும் கஞ்சியும் அந்தத் தண்ணீரில்தான் கொதிக்கின்றன. வேதியியல் படித்த எனக்குத் தோன்றாத கேள்வி, வீட்டுப் பேச்சை உற்றுக் கேட்கத் தெரிந்தவருக்குத் தோன்றியது.

இரண்டு துறைகள் சேர்வது என்றால் அட்டையில் இரண்டு துறைகளின் பெயரைப் போடுவது என்று ஆகிவிட்டது பல இடங்களில். கேள்வியை உருவாக்கும் மேஜையில் இருவரும் உட்கார்ந்தார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தலைப்பு மாவட்டம், தரவு வகுப்பறை

வணிகவியல், மேலாண்மைத் துறைகளில் இது அதிகம். ‘தர்மபுரி மாவட்ட நுகர்வோரின் இணையவழிப் பணப் பரிமாற்ற நடத்தை’ என்று தலைப்பு இருக்கும். உள்ளே பார்த்தால் கூகுள் ஃபார்ம் லிங்கை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டு வாங்கிய 60 பதில்கள். பதில் சொன்னவர்கள் எல்லாரும் இருபது வயது, எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன். மாவட்டத்தில் காய்கறிக் கடை வைத்திருக்கும் பாட்டி இதில் எங்கே?

60 பேரிடம் கேட்டதில் குற்றமில்லை. ‘ஒரு கல்லூரியின் 60 மாணவர்கள்’ என்று தலைப்பு வைத்தால் அது நேர்மையான சிறிய ஆய்வு. இல்லையென்றால் வாரச் சந்தைக்குப் போங்கள். ஒரே சந்தையில் நாற்பது கடைக்காரர்களிடம் நேரில் பேசி எழுதினால், நீங்கள் எழுதும் வரை அந்தத் தகவல் உலகில் வேறு யாரிடமும் இருக்காது. பெரிய பல்கலைக்கழகத்துக்காரர் அந்தச் சந்தைக்கு வாராவாரம் வர மாட்டார், நம்மால் முடியும்.

வரலாற்றுத் துறை மாணவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. தர்மபுரி தனி மாவட்டமானது 1965-ல்தான், கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது 2004-ல். பழைய ஆவணங்களில் தர்மபுரி மாவட்டம் என்று தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று திரும்பி வருகிறார்கள். சேலம் மாவட்டம் என்று தேடுங்கள். எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு ஒருநாள் போகவே வருடக்கணக்கில் காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். போன அன்று தவறான பெயரில் தேடி அந்த நாளை வீணாக்க விடக்கூடாது.

ஊர்க்காரர்களை வெறும் மாதிரியாகப் பார்ப்பது

அதே ப்ராஜெக்டில் ஒரு மாணவி உற்சாகத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பல் கறையைப் போனில் படமெடுத்து வந்துவிட்டாள். முகமும் தெரிகிறது, சீருடையும் தெரிகிறது. அந்தப் படங்களை அழிக்கச் சொன்னேன். அவளுக்கு வருத்தம். ஆனால் யோசித்துப் பாருங்கள், நாளைக்கு அந்தப் படம் கருத்தரங்கத் திரையில் வரும், அதிலிருந்து இன்னொருவர் எடுத்துப் போடுவார். காவி படிந்த பல்லுக்காக வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் பிள்ளைகள் அவர்கள்.

பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும், பிள்ளையும் சரி என்று சொல்ல வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. ‘நாங்கள் வேதியியல்தானே, மருத்துவ ஆய்வா செய்கிறோம்’ என்பது பதிலாகாது. ஒருவருடைய உடலை, வருமானத்தை, சாதியைக் கேட்கும் எந்தக் கேள்வித்தாளும் ஒரு நெறிமுறைக் குழுவின் கண்ணில் பட்டுத்தான் வெளியே போக வேண்டும். கல்லூரியில் குழு இல்லையா? மூத்த பேராசிரியர்களோடு வெளியாள் ஒருவரையும், சட்டம் தெரிந்த ஒருவரையும் சேர்த்து ஒன்றை உருவாக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம், முடிவைத் திருப்பிக் கொடுப்பது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் ப்ளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை. இந்த அளவைத் தாண்டிய போரின் பெயர் நம் நோட்டில் இருக்கிறது, அதே போரில் ஒரு அம்மா குடம் நிரப்பிக்கொண்டிருக்கிறார் என்றால், ஏப்ரலில் வைவா என்ற வாய்மொழித் தேர்வு முடியட்டும் என்று காத்திருக்க எனக்கு மனம் வராது. மாணவர் அளவீடு என்பதையும் சேர்த்துச் சொல்லி, அரசு ஆய்வகத்தில் மறுபடி சோதிக்கச் சொல்லி ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டு நாளில் வெளியிடும் இதழ்கள்

வாட்ஸ்அப்பில் வரும். ‘48 மணி நேரத்தில் வெளியீடு, சான்றிதழ் உண்டு, ஐஎஸ்எஸ்என் உண்டு, இம்பாக்ட் ஃபேக்டர் 7.’ கட்டணம் ஆயிரமோ இரண்டாயிரமோ. படித்தவர்களே விழுகிறோம், ஏனென்றால் பதவி உயர்வுக்கும், கல்லூரிகளைத் தரமிடும் நாக் அமைப்புக்கான அறிக்கைக்கும் எண்ணிக்கை கேட்கிறார்கள். ஐஎஸ்எஸ்என் என்பது வெறும் பதிவு எண், தரச் சான்று இல்லை. நூறு நல்ல இதழ்களுக்கும் இருக்கிறது, நூறு மோசமான இதழ்களுக்கும் இருக்கிறது. இம்பாக்ட் ஃபேக்டர் என்றால், ஓர் இதழின் கட்டுரைகளைப் பிறர் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று கிளாரிவேட் நிறுவனம் கணக்கிட்டு வெளியிடுவது; இதழ்காரர் தானாகப் போட்டுக்கொள்ளும் எண்ணுக்கு மதிப்பில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018-ல் தன் அங்கீகரித்த இதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. பிறகு கேர் என்ற பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடமும் ஆய்வாளர்களிடமுமே விட்டுவிட்டது. எனவே ‘யுஜிசி கேர் பட்டியலில் உள்ள இதழ்’ என்று இன்றைக்கும் ஒருவர் விளம்பரம் செய்தால் அதுவே எச்சரிக்கை. ஆசிரியர் குழுவில் இருப்பவர்களில் இரண்டு பேருக்கு மின்னஞ்சல் போட்டு, நீங்கள் உண்மையிலேயே இதில் இருக்கிறீர்களா என்று கேளுங்கள். நல்ல இதழின் பெயரிலேயே போலித் தளம் நடத்துகிறவர்களும் உண்டு, முகவரியை எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

ஒப்புமைச் சோதனை, அதாவது பிறர் எழுத்து எவ்வளவு கலந்திருக்கிறது என்று மென்பொருளில் பார்ப்பது பற்றிச் சுருக்கமாக. யுஜிசியின் 2018 விதியில் 10 விழுக்காடு வரை ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்று இருப்பதை, 10 விழுக்காடு காப்பி அடிக்கலாம் என்று படிக்கிறார்கள். அப்படி இல்லை. ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கித் தன் பெயரில் போட்டால் மென்பொருள் பிடிக்காமல் போகலாம், ஆனாலும் அது திருட்டுத்தான். ஏஐ கொடுக்கும் மேற்கோள் பட்டியலில் இல்லாத கட்டுரைகளும் இருக்கும். ஒவ்வொன்றையும் திறந்து பார்க்காமல் ஒரு வரி சேர்க்காதீர்கள்.

பெயர் யாருடையது

32 பாட்டில் தூக்கியவர்கள் நான்கு பெண்கள். கட்டுரையாக வரும்போது முதல் பெயர் கைடு, இரண்டாவது துறைத் தலைவர், மூன்றாவது முதல்வர், கடைசியில் ‘மற்றும் மாணவர்கள் உதவினர்’ என்று நன்றியுரையில் ஒரு வரி. இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. அந்தப் பெண்களில் ஒருத்தி நாளைக்கு மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது காட்ட அவளிடம் என்ன இருக்கும்? யார் யார் பெயர், எந்த வரிசையில் என்பதை முதல் நாளே பேசி எழுதிவிடுங்கள். வேலை மாறினால் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். பதவிக்காக மட்டும் ஒரு பெயரைச் சேர்க்கச் சொன்னால், மரியாதையோடு நன்றியுரைக்கு மாற்றிவிடலாம்.

ஒவ்வொரு வருடமும் முதலிலிருந்து தொடங்குவது

ஏப்ரலில் பைண்டிங், மேயில் பீரோ, ஜூனில் புது மாணவர்கள், புதுத் தலைப்பு. பழைய பேட்ச் எந்தப் போரில் தண்ணீர் எடுத்தது என்று தேடினால் ‘மாரியம்மன் கோயில் அருகில்’ என்று எழுதியிருக்கும். அந்த ஊரில் மூன்று மாரியம்மன் கோயில்கள்.

இப்போது எங்கள் துறையில் ஒரு நீளநோட்டு வைத்திருக்கிறோம். பதினொரு போர்களுக்கும் போனில் எடுத்த ஜிபிஎஸ் எண், ஆழம், எந்த டேங்குக்குப் போகிறது, யார் வீட்டில் சாவி என்று எழுதியிருக்கிறது. வருடத்தில் இரண்டு முறை, கோடையில் ஒன்று, வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒன்று. முதல் பேட்ச் பிப்ரவரியில் மட்டும் எடுத்ததால் மழைக்கு முன்னும் பின்னும் என்ன மாறுகிறது என்று சொல்ல முடியாமல் போனது. ஒவ்வொரு பேட்சும் அதே பதினொன்றை அளந்துவிட்டுத்தான் தன் சொந்தக் கேள்விக்குப் போக வேண்டும். போன வருடம் பொருளாதார மாணவன் ஒருவன் அந்த நோட்டை வாங்கிப்போய், பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டான்: அந்தத் தெருவில் ஒரு வீடு மாதம் எத்தனை கேன் தண்ணீர் வாங்குகிறது. நோட்டின் முதல் பக்கத்தில், சிவப்பு மையில், அந்த நான்கு மாணவிகளின் பெயர்கள். அவற்றுக்குக் கீழே ஒரே வரி: பாலித்தீன் பாட்டில் எடுத்துப் போகவும்.