லெவல் 22 ஆகியும் அடி விழவில்லையா? ஸ்கைரிமில் சண்டை பழகும்போது செய்யும் தவறுகள்

ஓண லீவுக்குப் பாறசாலையிலிருந்து அக்கா மகன் வந்திருந்தான். களியக்காவிளையைத் தாண்டினால் எங்கள் ஊர்; பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. துணிப்பையைத் திண்ணையில் போட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்துக் கொடுத்தான். உள்ளே ஸ்கைரிம் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் அவன் ஆடி வைத்திருந்த சேவ் ஃபைல்.

"மாமா, இதைக் கொஞ்சம் பாருங்க. லெவல் 22 ஆச்சு. ஒரு கொள்ளைக்காரனைக்கூட கொல்ல முடியல்ல."

ஆடிக் காட்டச் சொன்னேன். ஒரு கோட்டை வாசலில் காவல் நின்ற ஒருவனிடம் வாளோடு ஓடினான். ஏழெட்டு வெட்டு வெட்டியிருப்பான். எதிராளியின் சிவப்புக் கோட்டில் கால்வாசிகூடக் குறையவில்லை. அவன் மூன்றாவது முறை ஓங்கியதும் பையன் தரையில் கிடந்தான். "இவன் சாவ மாட்டேங்கான் மாமா" என்று என்னைத் திரும்பிப் பார்த்த முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

திறன் பக்கத்தைத் திறந்ததும் காரணம் தெரிந்துவிட்டது. ஆயுதமும் நகையும் செய்யும் ஸ்மித்திங் 90, மருந்து காய்ச்சும் ஆல்கெமி 65, பேரம் பேசும் ஸ்பீச் 55. சண்டைக்கு உதவுகிற ஒன்-ஹேண்டட், அதாவது ஒற்றைக் கை ஆயுதத் திறன், வெறும் 28. அடியைத் தடுக்கும் பிளாக் 19.

முதல் கதாபாத்திரத்தில் நிறையப் பேர் செய்கிற தவறு இது. ஆட்டம் எந்த இடத்திலும் இதைச் சொல்லித் தருவதில்லை என்பதால் கணக்கோடு சொல்கிறேன். ஸ்கைரிமில் மொத்தம் 18 திறன்கள். எந்தத் திறன் ஒரு படி ஏறினாலும் அந்தப் புதிய எண் அளவுக்கு உங்கள் லெவல் கணக்கில் புள்ளி சேரும். ஒன்-ஹேண்டட் 27-லிருந்து 28 ஆனால் 28 புள்ளி. ஸ்மித்திங் 89-லிருந்து 90 ஆனால் 90 புள்ளி. அடுத்த லெவலுக்குத் தேவையான புள்ளி, இப்போதைய லெவலை 25-ஆல் பெருக்கி 75 கூட்டினால் வருவது. முதல் லெவலிலிருந்து இரண்டாவதுக்கு 100. 10-லிருந்து 11-க்கு 325. கூட்டிப் பாருங்கள்: ஸ்மித்திங்கை மட்டும் 15-லிருந்து 90-க்கு ஏற்றினாலே 3975 புள்ளி கிடைக்கும். வாளைத் தொடாமலே லெவல் 15.

லெவல் ஏறினால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் எதிரிகள் உங்கள் லெவலைப் பார்த்துத்தான் வருகிறார்கள். கொள்ளைக்காரர்களில் தொடக்கத்தில் வருகிறவன் சாதாரண பேண்டிட். 5-ல் அவுட்லா, 9-ல் தக், 14-ல் ஹைவேமேன், 19-ல் பிளண்டரர், 25-ல் மராடர் என்று ஆள் மாறிக்கொண்டே போவான். கல்லறைகளில் எழுந்து வரும் டிராகர் என்ற பிணங்களும் அப்படித்தான்: 6-ல் ரெஸ்ட்லெஸ், 13-ல் வைட், 21-ல் ஸ்கர்ஜ். எங்கள் பையன் தங்க மோதிரம் செய்து செய்து விற்றான். மருந்து காய்ச்சி விற்றான். விற்க விற்க ஸ்பீச்சும் ஏறியது. ஊர்க் கடைகளில் பணம் தீரும்வரை வியாபாரம். வாசலில் வந்து நின்றதோ லெவல் 19-க்கு மேல் சண்டை பழகியவனுக்கான எதிரி. இதே வரிசையில் 2006-ல் வந்த முந்தைய ஆட்டமான ஆப்ளிவியனில் இது இன்னும் கடுமை. வழிப்பறிக்காரன்கூட கண்ணாடிக் கவசத்தில் வந்து நிற்பான்.

ஸ்மித்திங் வீண் என்று நான் சொல்லவில்லை. தன் வாளையும் கவசத்தையும் மேம்படுத்தியிருந்தால் அது அவனைத் தாங்கியிருக்கும். 90 வரை ஏற்றியவன் தன் இடுப்பிலிருந்த ஸ்டீல் வாளைச் சாணைக்கல்லில் ஒரு தடவைகூட வைக்கவில்லை. அன்று முதலில் அதைத்தான் செய்ய வைத்தேன். ஒரு ஸ்டீல் கட்டி போதும். கவசத்துக்கு வொர்க் பெஞ்ச்.

அப்புறம் லெவல் ஏறும்போது கிடைக்கிற 10 புள்ளி. ஹெல்த் (உயிர்), மேஜிக்கா (மந்திர சக்தி), ஸ்டாமினா (தெம்பு) மூன்றில் ஒன்றுக்குப் போடலாம். ஸ்டாமினாவில் போட்டால் சுமக்கும் எடையும் 5 கூடும். தாதும் தோலும் சுமக்க வேண்டுமே என்று 21 தடவையில் 15 தடவை ஸ்டாமினாவில் போட்டிருந்தான். ஹெல்த் 160-ல் நின்றுவிட்டது. கிட்டத்தில் நின்று அடிபடப் போகிறவனுக்கு இது ரொம்பக் குறைவு. வாள் பிடிக்கிற ஆளாக இருந்தால் மூன்றில் இரண்டு தடவையாவது ஹெல்த்துக்குப் போடுங்கள். எடை கூடினால் வேண்டாததைக் கீழே போட்டுவிட்டு வரலாம்.

பெர்க், அதாவது ஒவ்வொரு திறனின் கிளை மரத்திலும் பாயிண்ட் கொடுத்து எடுக்கும் சிறப்புப் பலன், அதில் நடக்கும் தவறு இதைவிடப் பெரியது என்பேன். திறன் எண் தானாகத் தருகிற பலம் குறைவு: ஒவ்வொரு புள்ளிக்கும் சேதம் அரை சதவீதம்தான் கூடும். 28-ல் 14 சதவீதம்; 100 வரை போனாலும் 50. ஆனால் ஒன்-ஹேண்டட் மரத்தின் அடியில் இருக்கும் ஆர்ம்ஸ்மேன் பெர்க், ஒவ்வொரு படிக்கும் 20 சதவீதம் தருகிறது. ஐந்து படியும் எடுத்தால் சேதம் இரட்டிப்பு. முதல் படிக்குத் தகுதியே தேவையில்லை. அடுத்தவை 20, 40, 60, 80-ல் திறக்கும். திறனை ஏற்றுவதன் பெரிய பயன் இந்தப் பூட்டுகளைத் திறப்பதுதான். பையன் முதல் படியோடு நின்றிருந்தான். இரண்டாவது படி 20-லேயே திறந்துவிட்டது, அவனுக்குத் தெரியவே இல்லை. நல்ல வேளையாக 3 பாயிண்ட் செலவழிக்காமல் வைத்திருந்தான். ஒரு லெவலுக்கு ஒரு பெர்க்தான் வரும். வில்லுக்கு ஒன்று, கோடரிக்கு ஒன்று, மந்திரத்துக்கு ஒன்று என்று தூவினால் எல்லாம் அரைகுறையாகவே இருக்கும்.

ஆயுதம் மாற்றுவது பற்றி ஒரு குழப்பம் உண்டு. வாள், கதாயுதம், ஒற்றைக் கைக் கோடரி, குத்துவாள் நான்கும் ஒன்-ஹேண்டட் கணக்குதான். இவற்றுக்குள் மாற்றினால் பழகியது போகாது. இரு கை ஆயுதமும் வில்லும் தனிக் கணக்கு. பெரிய வாள் கிடைத்ததே என்று அதற்குத் தாவினால் மறுபடி அடியிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு வெட்டுக்கு எவ்வளவு பயிற்சி சேரும் என்பது ஆயுதத்தின் அடிப்படைச் சேதத்தைப் பொறுத்தது. இரும்புக் குத்துவாளுக்கு 4, இரும்பு வாளுக்கு 7, இரும்புக் கதாயுதத்துக்கு 9. கூர் தீட்டினால் பயிற்சி கூடவும் கூடாது, குறையவும் குறையாது. அதனால் தயங்காமல் தீட்டிக்கொள்ளுங்கள். கவசத்தில் கனமானதையும் இலேசானதையும் கலந்து போட்டால் இரண்டு திறனும் பாதிபாதியாக வளரும். ஒரு வகையிலேயே தலை முதல் கால் வரை போடுவது நல்லது.

இனி எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற விஷயம். பலவீனமான கதாபாத்திரத்தை ஆடுகிறவர்கள் கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு தூக்குவதே இல்லை. மாமனார் வீட்டுப் பக்கத்தில் அடிமுறை சொல்லித் தருகிற ஓர் ஆசான் இருந்தார். புதிதாக வந்த பையன்களுக்கு மாதக்கணக்கில் ஒற்றைச்சுவடுதான். காலை எங்கே வைப்பது, வருகிற அடியை எப்படி ஏற்பது என்று அதே மண்ணில் திரும்பத் திரும்ப. கம்பு கையில் கொடுக்க மாட்டார். அதைப் பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, இந்த ஆட்டத்திலும் நான் முதலில் பார்ப்பது தடுப்பைத்தான்.

அன்று ராத்திரி கோட்டை வாசலிலேயே பழகினோம். எதிராளி சாதாரணமாக வீசும்போது கேடயத்தைப் பிடித்தபடி நில். அவன் கையைத் தலைக்கு மேலே பின்னால் கொண்டுபோகிறானா, அது பவர் அட்டாக் என்கிற பலத்த அடி. அது இறங்குவதற்கு முன் கேடயத்தால் முட்டு. தடுப்பைப் பிடித்தபடியே அடிக்கும் பட்டனைத் தட்டினால் போதும். அவன் தடுமாறிப் பின்வாங்குவான். அந்த நேரத்தில் இரண்டு வெட்டு. மூன்றாவதுக்கு ஆசைப்படாமல் கேடயத்தைத் திரும்பத் தூக்கு.

"லேய், தூக்கு, தூக்கு!"

"தூக்கிட்டேன் மாமா, கை இறங்கிட்டு!"

முதல் ஆறு தடவை செத்தான். ஏழாவது தடவை ஆளைக் கீழே தள்ளிவிட்டு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான். தடுக்கிற ஒவ்வொரு அடிக்கும் பிளாக் திறன் வளரும். எவ்வளவு பலமான அடியோ அவ்வளவு பயிற்சி. அதனால் நண்டையும் ஓநாயையும் அடித்துக்கொண்டே இருந்தால் பிளாக் நகராது. அதற்காக மாமத் மேய்க்கும் ராட்சதனிடம் போகவும் வேண்டாம். ஒரே அடியில் வானத்துக்குப் போய்விடுவீர்கள். கோட்டைக் கொள்ளையர்கள்தான் சரியான பாடம். தூரத்திலிருந்து அம்பு ஒன்று விட்டு, வாசல் குறுகலாக இருக்கும் இடத்தில் ஒவ்வொருவராக வரவழைத்துக்கொள்ளுங்கள். பிளாக் 30 ஆனதும் குயிக் ரிஃப்ளெக்சஸ் பெர்க்கை எடுக்கலாம். எதிராளியின் பவர் அட்டாக்கை நீங்கள் தடுத்தபடி நிற்கும்போது நேரமே மெதுவாகிவிடும். கை வேகம் குறைந்தவர்களுக்கு இதைப் போன்ற உதவி வேறில்லை.

ஸ்டாமினா தீர்ந்த பிறகு வீசுவது இன்னொரு பழக்கம். பச்சைக் கோடு காலியானால் பவர் அட்டாக் வராது, முட்டவும் வலு இருக்காது. கேபேஜ், லீக், உருளைக்கிழங்கு, தக்காளி நான்கையும் சமையல் பானையில் போட்டால் காய்கறி சூப் கிடைக்கும். குடித்தால் 720 விநாடிக்கு நொடிக்கு ஒரு புள்ளி ஸ்டாமினா ஊறிக்கொண்டே இருக்கும். பவர் அட்டாக்குக்குக் கோடு நிறைந்திருக்க வேண்டியதில்லை, கொஞ்சம் மிச்சமிருந்தாலே போதும். அதனால் ஒரு கிண்ணம் சூப்பில் ஒரு முழுச் சண்டையைச் சமாளிக்கலாம். இதே வரிசையின் பழைய ஆட்டமான மோரோவிண்டில் களைப்பு இதைவிட மோசம். ஓடிக் களைத்துப் போய் நின்றால் வாள் எதிரியின் மேல் படவே படாது.

ஆட்டத்தில் துணைக்கு வரும் லிடியாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிவதையும் சொல்ல வேண்டும். துணைக்கு வருகிறவர் கொன்றால் உங்கள் திறன் வளராது. உங்கள் கை பட்ட அடிக்குத்தான் கணக்கு. கூட வரட்டும், ஆனால் முன்னால் நீங்கள் நில்லுங்கள். கடினத்தைக் குறைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அடெப்ட் என்ற கடின அளவில் சேதம் இரு பக்கமும் சமம். மிக எளிதான நோவிஸில் உங்கள் அடி இரண்டு மடங்கு, உங்கள்மேல் விழுவது பாதி. எதிரி சீக்கிரம் சாவதால் பயிற்சி கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும், அவ்வளவுதான். நாங்கள் இரண்டு நாள் இவற்றுக்கு நடுவிலுள்ள அப்ரெண்டிஸில் வைத்துவிட்டுப் பிறகு அடெப்டுக்குத் திரும்பினோம்.

ஆட்டம் தொடங்கும் ஹெல்கெனிலிருந்து ரிவர்வுட் ஊருக்குப் போகிற வழியில் மூன்று கற்கள் நிற்கும். வாரியர் கல்லைத் தொட்டால் சண்டைத் திறன்கள் ஆறும் 20 சதவீதம் வேகமாக வளரும். பையன் தீஃப் கல்லைத் தொட்டிருந்தான், மாற்றச் சொன்னேன்; எப்போது வேண்டுமானாலும் போய் மாற்றலாம். விடுதியில் 10 கோல்டு கொடுத்துப் படுத்து எழுந்தால் 8 மணி நேரத்துக்கு இன்னும் 10 சதவீதம். ஓநாய் மனிதனாகிவிட்டவர்களுக்கு மட்டும் இந்தத் தூக்கப் பலன் கிடையாது.

பணம் இருந்தும், காசு வாங்கிக்கொண்டு திறன் கற்றுத் தரும் ட்ரெய்னரிடம் போகாததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மோதிரம் விற்ற கோல்டு அப்படியே கிடந்தது. ஒரு லெவலுக்கு 5 பாடம் வரை வாங்கலாம். வாங்காமல் லெவல் ஏறினால் அந்த 5-ம் போனதுதான். வைட்ரன் நகரத்தில் இருக்கும் அம்ரென் ஒன்-ஹேண்டடை 50 வரை கற்றுத் தருவார். அதற்கு மேலே 75 வரை, அதே நகரத்தின் ஜோர்வாஸ்கர் மண்டபத்தில் ஏதிஸ். வில் பழகுகிறவர்களுக்கு ரிவர்வுட் ஃபேண்டல் 50 வரை. அவர் விரும்பும் கமிலா என்ற பெண் விஷயத்தில் அவர் பக்கம் நின்றால் உங்களோடு துணைக்கு வருவார். பாடத்துக்குக் கொடுத்த பணம் அவர் பையிலேயே இருக்கும், பொருள் மாற்றிக்கொள்ளும்போது திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று விட்டுப்போச்சு. எங்கள் பக்கத்தில் மழை இடித்தால் கரண்ட் போகும். ஆட்டோ சேவை மட்டும் நம்பாதீர்கள். குகைக்குள் நுழையும் முன் தனியாக ஒரு சேவ் போடுங்கள். அது நடுச்சண்டையில் மாட்டிக்கொண்ட சேவிலிருந்தும் காப்பாற்றும்.

லீவு முடிகிற அன்று காலை பையன் லெவல் 23. ஒன்றே ஒன்றுதான் ஏறியிருந்தது. ஒன்-ஹேண்டட் 41, அதில் 10 அம்ரெனிடம் வாங்கிய பாடம். பிளாக் 30. கையிலிருந்த 3 பாயிண்டும் புதிதாக வந்த ஒன்றும் சேர்ந்து, ஆர்ம்ஸ்மேன் இரண்டு படி, பிளாக் மரத்தில் ஷீல்ட் வால் ஒன்று, குயிக் ரிஃப்ளெக்சஸ் ஒன்று. அதே கோட்டைக்குப் போனான். அடுத்த ஆள் பெரிய வாளை ஓங்கியபோது திரை மெதுவானது. பையன் அவசரப்படாமல் முட்டினான், இரண்டு வெட்டு வெட்டினான், கேடயத்தைத் திரும்பத் தூக்கினான். பென் டிரைவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறும்போது, "ஏதிஸ்கிட்ட போக இன்னும் 9 தான் மாமா" என்றான்.